பாடகியும் பயில்வானும்

“நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து சுத்துறதுக்கு அது என்ன இன்ஜினா, மிக்ஸியா?”

“மிக்ஸின்னே வச்சுக்கோ. உன்னோடது மட்டும் என்னவாம்? மாவு மில்லு மோட்டார். சுவரெல்லாம் அதிரும், வண்டி மட்டும் நின்ன இடத்துலயே நிக்கும்.”

“நிக்குமா? டர்போ ஊத ஆரம்பிச்சா நீ சீட்டுக்குள்ள புதைஞ்சே போயிடுவக்கா.”

“அது ஊத ஆரம்பிக்கிற வரைக்கும் என்னடா பண்றது? நகம் வெட்டிக்கிட்டு உக்காந்திருக்கணுமா?”

தம்பி கையிலிருந்த வயர் கட்டரின் முனையால் தாடையைச் சொறிந்துகொண்டான். அதுவே போதும் என்பதுபோல அக்கா திரும்பி, கெட்டிலில் கொதித்த தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றினாள்.

அவர்களுக்கு நடுவே அந்தக் கார் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கதவு, சதுர முகம், பின்சக்கரத்தால் ஓடும் பழைய வண்டி. முன்பக்கம் காலியாக இருந்தது. சொந்த இன்ஜின் தேய்ந்து, புகை கக்கி, போன வாரம்தான் பழைய இரும்புக்குப் போயிருந்தது. காருக்கு இடப்பக்கம் ஒரு தாங்கியிலும் வலப்பக்கம் ஒரு தாங்கியிலும் இரண்டு நாலு சிலிண்டர் இன்ஜின்கள், பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் மாதிரி எதிரெதிரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இடப்பக்கம் இருந்ததற்கு அக்கா வைத்த பெயர் பாடகி. ஆயிரத்து எண்ணூறு சிசி, உடம்பு முழுக்க அலுமினியம், ஒரு ஆள் கொஞ்சம் முக்கினால் ஒரு முனையைத் தூக்கிவிடலாம். கீழே மெதுவாகப் போகும்போது அதில் விசேஷமே இருக்காது, ஏதோ வீட்டுக்கார வண்டி போலப் போகும். ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டியதும் உள்ளே வால்வுகளைத் திறக்கும் இன்னொரு கேம் வந்து சேர்ந்துகொள்ளும். அப்போது குரல் மாறும். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவள் எழுந்து நின்று வாய்விட்டுப் பாடத் தொடங்குவதுபோல இருக்கும்.

வலப்பக்கம் இருந்தது பயில்வான். தம்பி வைத்த பெயர். இரண்டாயிரம் சிசி, வார்ப்பிரும்பு பிளாக், பக்கவாட்டில் நத்தை ஓடு மாதிரி, காற்றை உள்ளே ஊதித் தள்ளும் ஒரு டர்போ. பாடத் தெரியாது, இருமத்தான் தெரியும். ஆனால் எவ்வளவு காற்றை உள்ளே திணித்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். இதே வகை இன்ஜின் பின்சக்கர வண்டியிலும் வந்திருப்பதால் அதன் கியர்பாக்ஸும் கூடவே கிடைத்திருந்தது. நான்கு போல்ட் போட்டு உட்கார வைத்தால் வேலை முடிந்தது.

“அதோட எடை முழுக்க மூக்குல வந்து உக்காரும். வளைவுல திரும்பவே யோசிக்கும்,” என்றாள் அக்கா.

“ஸ்பிரிங் மாத்திக்கலாம்.”

“பாடகிக்கு எதையும் மாத்த வேணாம்.”

“ஆமா, கியர்பாக்ஸோட சேர்க்கத் தகடு வெட்டணும், ஃப்ளைவீல் பார்க்கணும், மவுண்ட் செய்யணும், எக்ஸாஸ்ட் வளைக்கணும். மத்தபடி எதையும் மாத்த வேணாம்!”

இந்தச் சண்டை அவர்களுக்குப் புதிதில்லை. அக்கா இன்ஜின் கட்டுகிறவள், தம்பி கரன்ட் வேலை பார்க்கிறவன். ஷெட்டுக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் வெகுகாலம் அவர்கள் இருவர் மட்டும்தான். அதனால் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள், ஸ்பானரை எங்கே வைப்பது என்பதிலிருந்து எந்த ரேடியோ நிலையம் என்பது வரை. சண்டை இல்லாத நாளில் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

ஆனால் இந்த முறை அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குக் காரணம் எடையும் இல்லை, குரலும் இல்லை.

தம்பிக்குக் கல்யாணமாகி, அவன் மனைவியும் மேல் அறைக்கு வந்து சேர்ந்திருந்தாள். கண்ணுக்கு அளவு பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவள். இப்போது அவளுக்கு வேறொரு நகரத்தில், பெரிய கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் இருவரும் கிளம்புகிறார்கள். இந்தக் கார்தான் அக்காவின் கல்யாணப் பரிசு. அதில்தான் போகப் போகிறார்கள்.

பயில்வானைப் போட்டு அனுப்பினால் அவ்வளவுதான். வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றினால் போதும். எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வான். தம்பி திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

பாடகி அப்படி இல்லை. அதன் தலையில் அக்கா காற்று போகும் வாய்களாக நான்கு தனித்தனி த்ராட்டில்களை வைத்திருந்தாள், சிலிண்டருக்கு ஒன்றாக. நான்கும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒன்று கூடவோ குறையவோ இழுத்தால் இன்ஜின் நொண்டும். அதைச் சரிசெய்ய ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயாக நீட்டி, சீறலைக் கேட்டு, திருகைத் திருப்ப வேண்டும். அதை அவள் காதுதான் செய்யும். மாதம் ஒருமுறையாவது செய்தாக வேண்டும். ஏனென்றால் நான்கையும் இணைக்கும் கம்பிகள் தேய்ந்து லேசாக ஆடின. புதிய கம்பி அலமாரியில் இருந்தது. அக்கா தேய்ந்த கம்பிகளை மண்ணெண்ணெயில் கழுவி, பளபளவென்று துடைத்து, மறுபடியும் அதையே மாட்டினாள்.

மாதம் ஒருமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் வந்தால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தானே போக முடியும்? அவள் கணக்கு அவ்வளவுதான்.

தீர்ப்புச் சொல்லத் தம்பி மனைவியைக் கூப்பிட்டார்கள். அவள் படி இறங்கி வந்து, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி இரண்டு இன்ஜினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கு இதுல என்ன தெரியும்? ஆஸ்பத்திரியில கேக்கிற மாதிரி கேக்கட்டுமா? முதல்ல காட்டினது தெளிவா இருக்கா, ரெண்டாவதா காட்டினது தெளிவா இருக்கா?”

“கேளு, கேளு,” என்றான் தம்பி.

“எது நடுரோட்டுல நிக்காது?”

“பயில்வான்!”

அக்கா மறுக்கவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வராது, சொல்லாமல் விடத்தான் வரும்.

“எது ஓட்டுறதுக்கு ஜாலியா இருக்கும்?”

தம்பி பூட்ஸ் முனையால் தரையில் கோடு போட்டான்.

“சொல்லுடா. தொண்டையில என்ன அடைச்சிருக்கு?” என்றாள் அக்கா.

“பாடகிதான்,” என்றான். “அதுல என்ன சந்தேகம்? முழுசா மிதிச்சு, அந்த ரெண்டாவது கேம் வர்ற நேரத்துல… பின்கழுத்துல முடியெல்லாம் எந்திரிச்சு நிக்கும்.”

“அப்போ பாடகி,” என்றாள் அவன் மனைவி. “நடுரோட்டுல நின்னா இவரே இறங்கித் தள்ளட்டும். கொஞ்சம் தொப்பையாவது குறையும்.”

தம்பி வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே அலமாரியில் இருந்த புதிய கம்பிகள் நினைவுக்கு வந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு பெயின்ட் டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழவில்லை. பாடகி பிறந்தது முன்சக்கர வண்டிக்காக. அங்கே அது குறுக்காகப் படுத்திருக்கும். இங்கே நெட்டாக உட்கார வேண்டும், பின்னால் வேறொரு குடும்பத்துக் கியர்பாக்ஸோடு கைகோக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு கனமான அலுமினியத் தகடு தேவைப்பட்டது. பக்கத்து ஷெட்டில் லேத் வைத்திருந்த மனிதரிடம் அட்டையில் வெட்டிய வடிவத்தோடு போய் நின்றாள்.

லேத்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மேஸ்திரியம்மா, இது கலப்புக் கல்யாணமாச்சே. ரெண்டு வீட்டுக்கும் ஒத்துப் போகுமா?”

“நீங்க தகடை வெட்டிக் குடுங்கண்ணே. ஒத்துப் போக வைக்கிறது என் பொறுப்பு.”

“எல்லாம் பார்த்துட்டீங்கல்ல?”

“நான் பார்க்காம உங்ககிட்ட வருவேனா?”

அது உண்மைதான். அவள் பார்க்காமல் எதையும் செய்ததில்லை. மையம் ஒரு முடி அளவுகூடப் பிசகவில்லை. கிளட்ச் பொருந்தியது. ஃப்ளைவீலும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பாடகியுடையவையே இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். பழகிய ஜோடியைப் பிரிப்பானேன்?

ஸ்டார்ட்டருக்கு வயர் இழுத்த அன்று தம்பி காரின் அடியில் வெகுநேரம் படுத்திருந்தான். பிறகு வெளியே தலையை நீட்டி, “அக்கா…” என்றான்.

அவள் ரப்பர் குழாயைக் காதில் செருகிக்கொண்டு, ஓடாத இன்ஜினின் வாயில் மறுமுனையை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். “என்னடா?”

“இல்ல, ஒண்ணுமில்ல,” என்று மறுபடியும் உள்ளே போய்விட்டான்.

ஓட்டிப் பார்க்க ஒரு காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் காரைத் தள்ளிக்கொண்டுபோய், வாசலைப் பார்த்து நிறுத்தினார்கள். வண்டிக்குப் பின்னால் பழைய டயர்கள் ஒரு கோபுரமாக அடுக்கியிருந்தன. லேத்காரர் டீ டம்ளரோடு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்கும் அதில் பங்கு இருக்கிறதல்லவா?

“நீதான் முதல்ல ஓட்டணும்,” என்றாள் அக்கா தம்பியிடம். “உன் வண்டி. அவளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோ.”

“நீ?”

“நான் எதிர்ல நின்னு கேக்கிறேன். காதுக்குத்தான் வேலை.”

சாவியைத் திருகியதும் பாடகி ஒரு இருமல், ஒரு தும்மல், பிறகு பிடித்துக்கொண்டாள். நான்கு வாயும் ஒரே சீராக மூச்சு விட்டன. தம்பி ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்துவிட்டபோது அந்தச் சத்தம் முற்றத்துச் சுவர்களில் பட்டு எழும்பியது. லேத்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். அக்கா காரின் முன்னால், வாசல் பக்கம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு குறையும் இல்லை. இந்த மாதத்துக்கு ஒரு குறையும் இல்லை.

கண்ணைத் திறந்து, “வா!” என்று கையை அசைத்தாள். வந்தால் விலகி நிற்கலாம் என்று ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்துத் தயாராகவும் இருந்தாள்.

தம்பி முதல் கியரைப் போட்டான். கிளட்சை விட்டான்.

கார் அவளை விட்டு விலகிப் போனது.

கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பார்த்தபடியே பின்னால் பின்னால் போயின. தம்பியின் வாய் பாதி திறந்திருந்தது. அவன் மனைவி, ரயிலில் இருப்பவள் போல ஒரு கையைத் தூக்கியிருந்தாள். அக்காவுக்கு அந்தக் கணத்தில் இன்ஜின் ஞாபகமே வரவில்லை. அடுத்த மாதம் இப்படித்தான் இருக்கும் என்று மட்டும் தோன்றியது. பிறகு டயர் கோபுரம் ஆடி, ஒவ்வொரு டயராகக் காரின் மேல் விழுந்தது. கடைசி டயர் மட்டும் உருண்டு வந்து லேத்காரரின் காலடியில் படுத்தது.

“கியர் மாத்திப் போட்டுட்டேன் போல,” என்று தம்பி ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

இரண்டாம் கியர் போட்டான். கார் டயர்களை இன்னும் கொஞ்சம் நசுக்கியது. அப்புறம் ஏதோ நினைத்தவன்போல ரிவர்ஸ் கியரைப் போட்டான். கார் சாதுவாக, நல்ல பிள்ளையாக, முன்னால் வந்து அக்காவின் முன் நின்றது.

பாடகி மட்டும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

முதலில் அடக்க முடியாமல் போனவர் லேத்காரர். “மேஸ்திரியம்மா! பின்னாடி போறதுக்கு அஞ்சு கியர், முன்னாடி போறதுக்கு ஒண்ணு! வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பும்போதும் நம்ம முகத்தைப் பார்த்துக்கிட்டே போகலாமே!” என்று சொல்லிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடிக்க முடியாமல் டம்ளரையும் மறந்து தன் ஷெட்டுக்குப் போனார். அங்கிருந்தும் சிரிப்புக் கேட்டது.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏறக்குறைய எல்லா இன்ஜினும் ஒரு பக்கம் சுற்றும். பாடகியின் குடும்பம் மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும். பிறந்த வண்டியில் அதற்கேற்ற கியர்பாக்ஸ் இருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வேறு கியர்பாக்ஸில் மாட்டினால் எல்லாக் கியரும் தலைகீழ். இது தெரியாத விஷயமா? இதே முற்றத்தில் எத்தனை பேருக்கு அவளே சொல்லி, எத்தனை பேரின் ஆசையை அணைத்து அனுப்பியிருக்கிறாள்! முடி அளவு மையம் பார்த்தவள், அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கவில்லை.

தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். சிரிப்பதா வேண்டாமா என்று அவன் முகம் தவித்தது.

“உனக்குத் தெரியுமாடா?”

“ஸ்டார்ட்டர் மாட்டும்போது பார்த்தேன். எதிர்ப்பக்கமா சுத்துது.”

“அப்போ வாயில என்ன வச்சிருந்த?”

“நீ தப்பு பண்ணியிருப்பன்னு எனக்கு எப்படிக்கா தோணும்? கியர்பாக்ஸுக்குள்ள ஏதாவது மாத்தி வச்சிருப்ப, நமக்குத்தான் புரியலன்னு விட்டுட்டேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “உன்னைக் கேக்கிறதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.”

அவள் அவன் பின்மண்டையில் ஒன்று வைத்தாள். வலிக்காத அடி. அதற்குப் பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. “அஞ்சு கியர் ரிவர்ஸ்!” என்று அவன் சொல்ல, “உனக்கேத்த வண்டிடா, நீ என்னைக்கு முன்னாடி போயிருக்க?” என்று அவள் சொல்ல, டயர்களின் நடுவே உட்கார்ந்து வயிறு வலிக்கும்வரை சிரித்தார்கள்.

மத்தியானத்துக்குள் முடிவாகிவிட்டது. வேறு வழியே இல்லை. பாடகி இறங்க வேண்டும், பயில்வான் ஏற வேண்டும். தம்பி பயில்வானுக்கான வயர்க்கட்டை எடுக்க மேலே போனான். அக்கா செயினைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்க, தம்பி மனைவி பக்கத்தில் நின்று போல்ட்டுகளைக் கழற்றக் கழற்ற வாங்கி ஒரு தட்டில் போட்டாள்.

“அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரும் வந்து உங்ககிட்டதான் யோசனை கேக்கிறாங்க. உங்க கண்ணுக்கு இது எப்படித் தப்புச்சு?”

அக்கா த்ராட்டில் இணைப்பில் இருந்த ஒரு கம்பியைக் கழற்றி, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஆட்டிப் பாரு.”

“லேசா ஆடுதே.”

“தேஞ்சு போச்சு. இதோட ஓட்டினா மாசத்துக்கு ஒரு தடவை நான் காது வச்சு சரி பண்ணியே ஆகணும். வேற யாராலயும் முடியாது.” அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். “புதுசு அந்தப் பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு. வேணும்னுதான் போடல.”

தம்பி மனைவி கம்பியை இரண்டு விரலால் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணுக்கு முன்னால் லென்ஸைப் பிடிப்பதுபோலக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அக்காவுக்குத் தெரிந்தது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. கம்பியைத் தட்டில் மற்ற போல்ட்டுகளோடு போடாமல் தனியாக, மேசையின் ஓரத்தில் வைத்தாள்.

“அது ஒண்ணையே பார்த்துக்கிட்டிருந்தேன். மத்தது கண்ணுல படல,” என்றாள் அக்கா.

செயினை இழுத்தாள். பாடகி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பி, காரின் வாயிலிருந்து வெளியே வந்து, காற்றில் மெதுவாகத் திரும்பினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தாங்கிக்கு நகர்த்தினார்கள். உண்மையில் அவ்வளவாகக் கனமில்லை.

“பயில்வான் நல்ல இன்ஜின்தான்,” என்றாள் அக்கா, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே. “தம்பிகிட்ட சொல்லிடாத, தலையில ஏறி உக்காந்துக்குவான். வளைவுல மட்டும் கொஞ்சம் பார்த்துத் திருப்பணும். மத்தபடி எந்த ஊர்லயும் எவனும் பார்ப்பான். தொந்தரவே குடுக்காது.”

“நல்லதுதானே அண்ணி?”

“நல்லதுதான்.”

மேலே தம்பி எதையோ தேடி எதையோ தள்ளிவிடும் சத்தம் கேட்டது. கூடவே விசில். அக்கா விரல் இடுக்கில் இருந்த கறுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். எண்ணெய் போகவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, தம்பி மனைவியின் முகத்தைப் பார்க்காமல், பயில்வானின் இரும்பு முதுகில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லாட்டியும், அவனை மாசம் ஒரு தடவை கூட்டிக்கிட்டு வர்றியாம்மா?”